இசைத்தட்டில் மறைந்திருந்த பூட்டு

விலை கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவர் எங்ஙனம் உபயோகிக்க வேண்டும் என்பதை, விற்பனை முடிந்த பின்னரும் விற்றவர் கட்டுப்படுத்தலாமா என்னும் வினா நெடுங்காலம் சட்ட வல்லுநருக்கே உரியதாயிருந்தது. கணிப்பொறி வீடுதோறும் வந்து சேர்ந்த பின்னர் அது விஞ்ஞானம் சார்ந்த வினாவும் ஆயிற்று. ஏனெனில், இக்காலத்தில் கட்டுப்பாடு காகிதத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. பொருளுக்குள்ளேயே பொருத்தி அனுப்பப்படுகிறது. அது உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிய ஒப்பந்தத்தைப் படித்தல் போதாது. பொருளையே சோதித்தல் வேண்டும்.

இதனை விளக்குதற்கு, 2005 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த சோனி பி.எம்.ஜி. இசைத்தட்டு விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். இது நிகழ்ந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அத்தகைய தட்டுகளும் இன்று விற்பனையில் இல்லை. ஆயினும், அந்தரங்கத்தைப் பற்றியும் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பத்தைப் பற்றியும் மக்களிடையே எழுந்த எதிர்ப்புகளுள், உள்ளே நடந்தது என்ன என்பது இத்துணைத் தெளிவாக வெளிப்பட்டவை சிலவே. மாணவர்க்கும் கிராம மக்களுக்கும் எடுத்துச் சொல்லத்தக்க எளிமையும் இதற்கு உண்டு.

தட்டின் இயல்பு

இசைக் குறுந்தட்டு 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் அமைப்பை வகுத்தவை சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள். ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 இருமக் குறிகளால் எழுதப்படுகிறது. இடம், வலம் ஆகிய இரு தடங்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 குறிகள் ஆகின்றன. இக்குறிகள் எவ்வகையிலும் மறையாக்கம் செய்யப்படவில்லை. அன்று ஒரு தட்டினை வீட்டிலிருந்தே நகல் எடுக்கும் வசதி எவரிடமும் இல்லாமையால் பூட்டு ஒன்று தேவைப்படவும் இல்லை.

1990-களின் பிற்பகுதியில் நிலை மாறிற்று. குறுந்தட்டைப் படிக்கும் சாதனம் கணிப்பொறியோடு இணைந்தே வந்தது. எம்.பி.3 என்னும் சுருக்கமுறை பாட்டின் அளவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 1999-இல் தோன்றிய நாப்ஸ்டர் முதலிய பரிமாற்ற ஏற்பாடுகள் வழியாகப் பாடல்கள் விலையின்றிக் கைமாறின. இசைத்தட்டு வெளியிடுவோர் கவலையுற்றதில் நியாயம் இல்லை என்று சொல்லுதற்கில்லை.

ஆனால் அவர்கள் எதிர்ப்பட்ட இடர்ப்பாடு விசித்திரமானது. உலகெங்கும் ஏற்கனவே விற்கப்பட்டிருந்த கோடிக்கணக்கான இசைக்கருவிகளில் புதிய தட்டும் பாட வேண்டும். ஆகையால் தட்டிலுள்ள குறிகளை மறையாக்கம் செய்ய வழியில்லை. எஞ்சியிருந்தது ஒரே உபாயம்: தட்டினை மாற்ற இயலாவிடில், வாங்கியவரின் கணிப்பொறியை மாற்றிவிடுதல். தட்டின் முதற் பகுதியில் இசையையும் இரண்டாம் பகுதியில் ஒரு மென்பொருளையும் வைத்தனர். பழைய இசைக்கருவி முதற் பகுதியை மட்டும் காணும். கணிப்பொறியோ இரண்டாம் பகுதியையும் படிக்கும். தட்டினை உள்ளிட்டவுடனே அதிலுள்ள மென்பொருளைத் தானாகத் தொடங்கும் ஏற்பாடு அக்கால விண்டோஸில் இருந்தது.

ஆக, பூட்டு தட்டில் இல்லை; வாங்கியவர் வீட்டில் இருந்தது. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே. தம் கணிப்பொறியிலுள்ள எந்த மென்பொருளையும் நீக்கும் அதிகாரம் அதன் உரிமையாளருக்கு உண்டு. அவர் விரும்பாத ஒரு பூட்டு அங்கே நிலைத்திருக்க வேண்டுமாயின், அது அவர் கண்ணிற் படாமல் இருத்தல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த தீங்குகளை ஓர் ஊழியரின் கவனக்குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. உரிமையாளருக்கு எதிராக அவருடைய இயந்திரத்திலேயே காவல் வைக்க முற்பட்டதன் விளைவு அவை.

மறைப்பு எங்ஙனம் இயங்கிற்று

சோனி பி.எம்.ஜி. நிறுவனம் 52 இசைத்தொகுப்புகளில் கையாண்ட எக்ஸ்.சி.பி. என்னும் மென்பொருளை இங்கிலாந்திலிருந்த பர்ஸ்ட் போர் இன்டர்நெட் என்னும் நிறுவனம் ஆக்கியிருந்தது. தட்டினை உள்ளிட்டவுடன் திரையில் ஓர் ஒப்பந்தம் தோன்றும். அதனை ஏற்றால் பாட்டுக் கேட்பதற்குரிய மென்பொருள் பதிவாகும். மூன்று நகல்களுக்கு மேல் எடுக்க இயலாது. வேறொரு மென்பொருள் அத்தட்டினைப் படிக்க முயன்றால், இசையோடு இரைச்சல் கலந்து வரும். இவற்றோடு ஒப்பந்தத்தில் சொல்லப்படாத மற்றொன்றும் உடன் பதிவாயிற்று. அதுவே மறைப்புக் கருவி. கணிப்பொறித் துறையில் இத்தகைய கருவியை 'ரூட்கிட்' என்பர்.

இதன் இயக்கத்தை அலுவலக வழக்கிலிருந்தே விளக்கலாம். ஒரு கிடங்கில் என்னென்ன உள்ளன என்று கேட்பவர் எவரும் நேரே உள்ளே செல்வதில்லை. இருப்புப் பதிவேட்டை வைத்திருக்கும் குமாஸ்தாவைக் கேட்கின்றனர். அவர் படித்துச் சொல்வதை நம்புகின்றனர். கணிப்பொறியிலும் அங்ஙனமே. வட்டில் உள்ள கோப்புகள் யாவை என்று ஒரு மென்பொருள் வினவினால், இயக்கமுறைமை விடை தருகிறது. எக்ஸ்.சி.பி. செய்தது, அக்குமாஸ்தாவின் காதருகே ஓர் ஆளை நிறுத்தியதற்கு ஒப்பாகும். டாலர்க் குறி, 'சிஸ்' என்னும் மூன்றெழுத்து, மீண்டும் டாலர்க் குறி எனத் தொடங்கும் பெயர் எதுவாயினும், அதனைப் படிக்காமல் விட்டுவிடுமாறு அந்த ஆள் பணிக்கிறான். கோப்பாயினும், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளாயினும், அமைப்புப் பதிவேட்டின் குறிப்பாயினும், அப்பெயர் கொண்டவை பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நச்சுநிரல்களைத் தேடும் காவல் மென்பொருளும் அதே குமாஸ்தாவையே கேட்பதால், அதற்கும் அவை தெரிவதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். மறைக்கும் ஆளுக்குத் தெரிந்தது பெயரின் தொடக்கம் ஒன்றே; பொருள் யாருடையது என்பதை அவன் கேட்பதில்லை. ஆகவே, அக்குறியை அறிந்த எவரும் தம் பொருளை அங்கே ஒளித்து வைக்கலாம். அங்ஙனமே நடந்தது. நவம்பர் 10 ஆம் நாளையொட்டி, அப்பெயரைத் தாங்கித் தன்னை மறைத்துக்கொள்ளும் தீய மென்பொருள்கள் வெளிப்பட்டன. இணைய விளையாட்டொன்றில் ஏமாற்று வேலை செய்வோர் தம் கருவிகளைக் கண்காணிப்பிலிருந்து ஒளிக்க இதனையே பயன்படுத்திக்கொண்டனர். இசையைக் காப்பதற்கென வைத்த திரைக்குப் பின்னே யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றாயிற்று.

அந்தரங்கத்தைப் பற்றிய செய்தி வேறு. தட்டோடு வந்த இசை மென்பொருள், இணைய இணைப்பு இருக்குமாயின், நிறுவனத்தின் வழங்கிக்குத் தொடர்பு கொண்டு, எந்தத் தொகுப்பு கேட்கப்படுகிறது என்பதற்குரிய அடையாள எண்ணை அனுப்பிற்று. இத்தகைய தொடர்பில் கணிப்பொறியின் இணைய முகவரியும் உடன் செல்லும். தட்டின் அட்டைப் படத்தைப் புதுப்பித்தல் முதலிய காரணங்கள் கூறப்பட்டன. காரணம் எதுவாயினும், ஒருவர் தம் வீட்டில் எந்தத் தொகுப்பை எப்பொழுது கேட்கிறார் என்பது அவர் அறியாமலே வெளியே சென்றது.

வெளிப்பட்ட விதம்

2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்னும் கணிப்பொறி வல்லுநர் தம் ஆய்வினை விரிவாக வெளியிட்டார். மறைந்துள்ளவற்றைக் கண்டறியும் கருவி ஒன்றை அவர் முன்னரே ஆக்கியிருந்தார். அதன் தத்துவம் நம் களப்பணியாளர்க்கு நன்கு பழகிய இருப்புச் சரிபார்த்தலே. குமாஸ்தா படித்துச் சொன்ன பட்டியல் ஒரு கையில். கிடங்கிற்குள் நேரே சென்று எண்ணிய பட்டியல் மறு கையில். அஃதாவது, இயக்கமுறைமை தரும் விடையையும், வட்டில் எழுதப்பட்டுள்ளதை இடையீடின்றிப் படித்தறிந்ததையும் ஒப்பிடுதல். இரண்டிற்கும் வேற்றுமை இருப்பின் நடுவே யாரோ இருக்கிறார் என்பது தெளிவு.

தம் கணிப்பொறியிலேயே அத்தகைய வேற்றுமையைக் கண்ட அவர், அதன் தோற்றுவாயைத் தேடிச் சென்று, தாம் விலை கொடுத்து வாங்கிய ஓர் இசைத்தட்டில் முடிந்தார். அம்மென்பொருள் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் அனைத்தையும் சோதித்துக்கொண்டிருந்தது என்பதையும், அதனை நீக்குதற்குரிய வழி எதுவும் தரப்படவில்லை என்பதையும் கண்டார். கையால் நீக்கியபோது, குறுந்தட்டைப் படிக்கும் சாதனமே கணிப்பொறியின் பார்வையிலிருந்து மறைந்தது. வல்லுநராதலின் அதனை அவர் மீட்டுக்கொண்டார். ஏனையோர் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் காட்டிய சோதனைகளுள் ஒன்று பாடம் சொல்வோர் மனத்திற் கொள்ளத்தக்கது. எல்லா விண்டோஸ் கணிப்பொறியிலும் உள்ள நோட்பேட் என்னும் சிறு மென்பொருளை நகல் எடுத்து, அந்நகலுக்கு டாலர்க் குறியில் தொடங்கும் அப்பெயரைச் சூட்டினார். அக்கணமே அது பட்டியலிலிருந்து மறைந்தது. இச்சோதனையைச் செய்யச் சிறப்பான அறிவு எதுவும் வேண்டுவதில்லை. அத்தட்டினை வாங்கியிருந்த எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

மக்களின் எதிர்ப்பு வலுப்பெற்றதற்குக் காரணம் இதுவே என்பது எமது கருத்து. சினம் எல்லாக் கிளர்ச்சியிலும் உண்டு; ஆனால் எவரும் மீண்டும் செய்து காணக்கூடிய சான்று எப்போதும் வாய்ப்பதில்லை. தேதிகளை நோக்கினால் இது விளங்கும். பின்லாந்தைச் சார்ந்த எப்-செக்யூர் நிறுவனம் இக்குறையை அக்டோபர் 4 அன்றே சோனி பி.எம்.ஜி.க்குத் தெரிவித்திருந்தது. தனிப்பட்ட முறையில் தெரிவித்த பின் 27 நாட்கள் கழிந்தன. தட்டுகள் கடைகளில் விற்றுக்கொண்டே இருந்தன. பொதுமக்கள் அறிய வெளியான பின் 11 நாட்களில், நவம்பர் 11 அன்று, அத்தகைய தட்டுகளின் உற்பத்தி நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் கடைகளிலிருந்த தட்டுகளைத் திரும்பப் பெறுவதாகவும், வாங்கியவர்களுக்கு மாற்றுத் தட்டு தருவதாகவும் நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 47 இலட்சம் தட்டுகள் ஆக்கப்பட்டு, அவற்றுள் 21 இலட்சம் அளவில் விற்றுப்போயிருந்தன.

இடைப்பட்ட நாட்களில் நிறுவனம் நடந்துகொண்ட முறை நிலைமையைக் கெடுத்தது. ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோர் அறியார், பின் அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்னும் பொருள்பட அதன் உயர் அலுவலர் ஒருவர் வானொலிப் பேட்டியில் கூறினார். மறைப்பை நீக்க முதலில் தந்த மென்பொருள் மறைப்பை மட்டும் நீக்கிற்று. பூட்டு இருந்தபடியே இருந்தது. முழுதும் நீக்க விரும்புவோர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அவ்விண்ணப்பத்தின்பேரில் தரப்பட்ட நீக்கும் கருவியிலோ, முன்னதினும் பெரிய ஓட்டை இருந்ததைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் பெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் எடுத்துக்காட்டினர். அதனைப் பயன்படுத்தியவர் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், அப்பக்கம் தன் விருப்பப்படி மென்பொருளை அக்கணிப்பொறியில் ஓட்டலாம் என்பது நிலை. மருந்து நோயை விஞ்சிற்று. இதே நிறுவனம் வேறு தட்டுகளில் வைத்திருந்த மீடியாமாக்ஸ் என்னும் மற்றொரு பூட்டு, ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தவர்களின் கணிப்பொறியிலும் தன் கோப்புகளைப் பதித்துச் சென்றது என்பதும் அந்நாட்களிலேயே தெரிய வந்தது.

எத்துணை இடங்களில் இம்மென்பொருள் பரவியிருந்தது என்பதைக் கண்டறிய டான் காமின்ஸ்கி என்னும் ஆய்வாளர் கையாண்ட முறை வியக்கத்தக்கது. ஒரு கணிப்பொறி வேறோர் இடத்தைத் தொடர்பு கொள்ளுமுன், அவ்விடத்தின் பெயருக்குரிய எண் முகவரியைப் பெயர் வழங்கி என்னும் இடைநிலையத்தில் கேட்டறிகிறது. அந்நிலையம் அண்மையில் கேட்கப்பட்ட பெயர்களைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். காமின்ஸ்கி எவருடைய கணிப்பொறியையும் தொடவில்லை. உலகின் பல பாகங்களிலுள்ள பெயர் வழங்கிகளிடம், இம்மென்பொருள் நாடும் பெயர் உங்கள் நினைவில் உளதா என்று மட்டும் வினவினார். 5,68,200 நிலையங்கள் உளது என்றன. ஒரு நிலையத்தின் பின்னே ஒரு கணிப்பொறியும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். ஆகவே இது கணிப்பொறிகளின் தொகையன்று. பரவலின் அளவைக் காட்டும் குறியீடேயாகும்.

அரசுத் தரப்பிலும் எச்சரிக்கை எழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஒருவர், இசை உங்கள் உடைமையாயிருக்கலாம், கணிப்பொறி உங்களுடையதன்று என்னும் கருத்தை, வணிகர்கள் கூடிய அவையிலேயே எடுத்துரைத்தார். நவம்பர் 21 அன்று டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர், வேவு மென்பொருளைத் தடுக்க அம்மாநிலம் அவ்வாண்டிலேயே இயற்றியிருந்த சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். எலெக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேசன் என்னும் மக்கள் உரிமை அமைப்பும் அதே நாளில் வழக்காடிற்று. வாங்கியோர் சார்பான வழக்குகளில் 2006 மே மாதம் சமரசம் உறுதியாயிற்று: தட்டினைத் திருப்பித் தந்தவர்க்குப் பூட்டற்ற தட்டு, அதனோடு ஏழரை டாலரும் ஒரு தொகுப்பின் பதிவிறக்கமும், அன்றேல் மூன்று தொகுப்புகளின் பதிவிறக்கம். அவ்வாண்டு டிசம்பரில் டெக்சாஸ், கலிபோர்னியா மாநிலங்களுக்குத் தலைக்கு 7,50,000 டாலரும், மேலும் பல மாநிலங்களுக்குச் சேர்த்து 42,50,000 டாலரும் தர நிறுவனம் இசைந்தது. 2007 சனவரியில் மத்திய வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கணிப்பொறி பழுதுற்றவர்க்கு 150 டாலர் வரை ஈடு செய்யவும், இத்தகைய கட்டுப்பாடு இருப்பின் அதனை உறையின் மேலேயே தெளிவாக அச்சிடவும் நேர்ந்தது.

ஆராய்வோர்க்கு இருந்த அச்சம்

இவ்விவகாரத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஆசிரியர்க்கு அதுவே முக்கியமானது என்று கருதுகிறோம். பெல்டனும் ஹால்டர்மனும் இம்மென்பொருளின் குறைகளை ருசினோவிச்சுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் உடனே வெளியிடவில்லை, வழக்கறிஞர்களைக் கலந்துகொண்டிருந்தனர். காரணம், 1998 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், பதிப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டினைக் கடந்து செல்லுதலையே குற்றமாக்கியிருந்தது. ஹால்டர்மனுக்கு இதில் முன்னனுபவமும் உண்டு. 2003-இல் மாணவராயிருந்தபோது, மீடியாமாக்ஸ் பூட்டின் பழைய வடிவம், தட்டினை உள்ளிடும்போது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் பயனற்றுப் போகிறது என்று அவர் எழுதினார். அப்பூட்டை ஆக்கிய நிறுவனம் வழக்குத் தொடுக்கப் போவதாக அறிவித்து, மறுநாளே அதனைக் கைவிட்டது. விசை ஒன்றை அழுத்தலாம் என்று சொன்னதற்கு வழக்கா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். இருபத்திரண்டு வயதையொட்டிய மாணவர் ஒருவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்காது.

அந்த ஒரு மாதக் காலத்தில் விற்ற தட்டுகள் எத்தனை வீடுகளுக்குச் சென்றனவோ, அத்தனையும் அவ்வச்சத்தின் விலை. 2006 நவம்பரில், பாதுகாப்புக் குறையை உண்டாக்கும் இசைத்தட்டுப் பூட்டுகளை நல்லெண்ணத்துடன் சோதிப்பதற்கும் சரிசெய்வதற்கும் அமெரிக்காவில் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. மக்களின் அழுத்தம் ஈட்டியவற்றுள் மாற்றுத் தட்டினும் இது பெரிது.

நம் நாட்டின் நிலை என்ன என்று களப்பணியாளரிடம் வினவக்கூடும். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 65அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டினைக் கடப்பது இரண்டாண்டு வரை சிறைக்கும் அபராதத்திற்கும் உரிய குற்றம். நோக்கம் என்னும் சொல் இங்கே பளுவைத் தாங்குகிறது. மறையாக்க ஆராய்ச்சியும், உரிமையாளர் இசைவுடன் கணிப்பொறியின் பாதுகாப்பைச் சோதித்தலும் அப்பிரிவிலேயே விலக்கப்பட்டுள்ளன. பயன்படுத்துவோரை அடையாளங் காணவோ கண்காணிக்கவோ அமைந்த ஏற்பாட்டினைக் கடப்பதற்குத் தேவையானவற்றைச் செய்தலும் விலக்கினுள் அடங்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. தனிமனிதர் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023-இல் நிறைவேறிற்று.

இசையைப் பொறுத்தவரை, 2007 முதல் 2009 வரையிலான காலத்தில் பெரிய வெளியீட்டாளர்கள் பதிவிறக்கப் பாடல்களில் பூட்டு வைப்பதைக் கைவிட்டனர். ஆனால் கட்டுப்பாடு மறையவில்லை, இடம் பெயர்ந்தது. 2009 சூலையில் அமேசான் நிறுவனம், விற்கும் உரிமை இல்லாதவரால் விற்கப்பட்டவை என்று கூறி, வாசகர்கள் வாங்கியிருந்த சில மின்னூல்களை அவர்களுடைய கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. எதிர்ப்பு எழுந்த பின் வருத்தம் தெரிவித்தது. இன்று பூட்டு பெரும்பாலும் நம் கணிப்பொறியில் இல்லை. தொலைவிலுள்ள வழங்கியில் இருக்கிறது. ருசினோவிச் செய்ததைப் போல வீட்டிலிருந்தே திறந்து பார்த்தல் அரிதாகிவிட்டது. கைப்பேசியில் பதியும் செயலி ஒன்று, தன் தொழிலுக்குத் தேவையற்ற தொடர்பு முகவரிகளையோ ஒலிவாங்கியையோ கேட்குமாயின், கொடுக்க மறுத்துப் பார்த்து, அதன் பின்னும் அது தன் வேலையைச் செய்கிறதா என்று கவனிக்கச் சொல்லலாம். கிராமத்தில் எவரும் செய்யக்கூடிய இருப்புச் சரிபார்த்தல் அது.

வகுப்பறைப் பயிற்சி

ஓர் அட்டைப் பெட்டி, மணல் நிரப்பி ஒரே எடையாக்கிய பத்துத் தீப்பெட்டிகள், ஒரு பதிவேடு, ஒரு தராசு ஆகியவை போதும். ஒவ்வொரு தீப்பெட்டியின்மீதும் ஒரு பெயர் எழுதுக; மூன்றின் பெயர்கள் மட்டும் 'மறை' என்று தொடங்கட்டும். ஒரு மாணவர் குமாஸ்தாவாக அமர்ந்து, அப்பெயர்களை விடுத்து ஏனையவற்றைப் படிப்பார். வகுப்பு ஏழு என்று கணக்கிடும். பின்னர் மற்றொரு மாணவர் பெட்டியைத் திறந்து எண்ணுவார்.

அடுத்த சுற்றில், முதற் சுற்றை வெளியிலிருந்து பார்த்த மாணவர் ஒருவர், தாமே 'மறை' என்று பெயரெழுதிய பதினோராவது தீப்பெட்டியைப் பெட்டிக்குள் இட்டுப் பதிவேட்டிலும் எழுதட்டும். குமாஸ்தா மீண்டும் படிப்பார். எண்ணிக்கை ஏழாகவே இருக்கும். புதிதாக வந்தது யாருடையது என்று குமாஸ்தா கேட்கவில்லை என்பதை வகுப்பு தானே கண்டுகொள்ளும் வரை காத்திருத்தல் நன்று.

மூன்றாம் சுற்றில், பெட்டியைத் திறத்தல் கூடாது என்று ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உள்ளே எத்தனை உள்ளன என்று கேளுங்கள். முதலில் இயலாது என்பார்கள். விதியை எழுதியவர் யார் என்று சிலர் கேட்பர். நிறுத்துப் பார்க்கலாமே என்று யாரேனும் ஒருவர் சொல்லக்கூடும். காமின்ஸ்கி கண்ட வழி அதுவே. அப்பொழுது தராசை அவர் கையில் கொடுத்துவிடலாம்.